பழைய கொரோலாவுக்கு செனன் பல்பு போடலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவின் 1997ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110 இப்போது அவர் கையில். மாதத்தில் ஒரு தடவை இரவோடு இரவாக யாழ்ப்பாணம் போகிறார். நீர்கொழும்பு, சிலாபம் வரை கடை வெளிச்சத்திலேயே ஓடிவிடலாம். புத்தளம் தாண்டி அநுராதபுரம் பக்கம் திரும்பியதும் முன்னால் ஒன்றும் தெரியவில்லையாம். பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்காரர் "செனன் கிட் போடுங்கள், அரை மணி நேர வேலை" என்றிருக்கிறார். போடலாமா, போட்டால் 6000 கெல்வினா 8000 கெல்வினா, பழைய வயரிங் தாங்குமா, ஃபொக் லைட்டுக்கும் சேர்த்துப் போடலாமா என்று கேட்கிறார். இப்போது காரில் இருப்பது எச்4 பல்பு என்றும் சொல்லியிருக்கிறார். அது நல்ல தகவல், பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

தம்பி, அந்தக் கிட்டை வாங்க வேண்டாம். செனன் கெட்ட சாமான் என்று சொல்லவில்லை. உங்கள் காரின் லைட்டுக்குள் அது பொருந்தாது, அவ்வளவுதான். இன்னொன்று: அந்தக் கார் புதிதாக வந்தபோது கொடுத்த வெளிச்சத்தில் நல்ல பங்கு இப்போது வயரிலும் கண்ணாடியிலும் தொலைந்துகொண்டிருக்கிறது. காசு செலவழிப்பதற்கு முன் அதைத் தேடி எடுக்கலாம்.

உபதேசம் என்று நினைக்காதீர்கள், நானும் போட்டவன்தான். ஏ9 வீதியைத் திருத்திக்கொண்டிருந்த நாட்கள். என்னிடம் ஒரு பழைய நிசான் சன்னி கார் இருந்தது. கொழும்பில் ஒரு கடையில் 8000 கெல்வின் கிட் போட்டுவிட்டு, அன்றிரவு வீட்டுச் சுவருக்கு முன்னால் காரை நிறுத்திச் சுவரைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். பகல் மாதிரி இருந்தது. அந்தச் சுவர்தான் என்னை ஏமாற்றியது. வவுனியா தாண்டியதும் எதிரே வந்த லொறிக்காரர்கள் எல்லோரும் எனக்கு லைட் அடித்துக் காட்டினார்கள். நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு பஸ் சாரதி பொறுமையிழந்து தன்னிடம் இருந்த அத்தனை விளக்கையும் ஒன்றாகப் போட்டுப் பழிவாங்கிவிட்டுப் போனார். ஓமந்தைக்கு அப்பால் மழை பிடித்தது. அப்போதுதான் விளங்கியது, காருக்கு முன்னால் ஒரு வெள்ளைத் திரை இருக்கிறது, திரைக்குப் பின்னால் வீதி இல்லை. மாங்குளம் பக்கம் நடுவீதியில் படுத்திருந்த மாடு ஒன்று கடைசி நிமிடத்தில்தான் கண்ணில் பட்டது. திரும்பி வரும்போது இடது பக்க பலஸ்டுக்குள், அதாவது செனனுக்கு வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் பெட்டிக்குள், தண்ணீர் போய், ஒற்றைக் கண்ணோடு கொழும்பு வந்து சேர்ந்தேன். எனக்கு முன்னால் தன் வான் வண்டியில் வந்த மச்சான் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "உன்ர கார் பின்னால வந்தா எனக்குக் கண்ணாடியைப் பார்க்கேலாதடாப்பா."

ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது விளங்கிவிட்டால் எந்தக் கடைக்காரரும் உங்களை ஏமாற்ற முடியாது.

எச்4 என்ற ஹலஜன் பல்பு 1971இல் வந்தது. உங்களுடையதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் இரண்டு சுருள் இழைகள் இருக்கும். நுனிப் பக்கம் இருப்பது டிம்முக்கு, அடிப் பக்கம் இருப்பது பிரைட்டுக்கு. டிம் இழைக்குக் கீழே சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். அந்தத் தகடுதான் இதில் எல்லாமே. இழையிலிருந்து கீழே போகும் வெளிச்சத்தை அது மறைக்கிறது. ஆகவே பல்பைச் சுற்றியிருக்கும் பளபளப்பான கிண்ணமான ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும்தான் வெளிச்சம் படுகிறது; அங்கே பட்டுத் தெறிப்பது கீழ்நோக்கி, வீதிக்குப் போகிறது. எதிரே வருபவரின் கண்ணுக்குப் போவதில்லை. இழையின் நீளம், அது இருக்கும் இடம், தகட்டின் விளிம்பு எல்லாவற்றுக்கும் மில்லிமீட்டருக்கும் குறைந்த கணக்கு உண்டு. அந்தக் கணக்கை வைத்துத்தான் ரிஃப்ளெக்டரின் வளைவையும் லென்ஸின் கோடுகளையும் செய்திருக்கிறார்கள்.

செனன் பல்பில் இழையே கிடையாது. மிளகளவு குவார்ட்ஸ் குமிழிக்குள் இரண்டு முனைகள். நடுவில் மின்பொறி வில்லாக எரியும். அதை மூட்ட 20,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், அதற்குத்தான் அந்தப் பலஸ்ட் பெட்டி. மூட்டிய உடனே ஒளி தருவது செனன் வாயு. பிறகு உள்ளே இருக்கும் உலோக உப்புகள் ஆவியாகி முழு வெளிச்சம் வரச் சில வினாடிகள் பிடிக்கும். கார் உலகத்துக்கு இதை முதலில் கொண்டு வந்தது பி.எம்.டபிள்யூ 7 வரிசை, 1991இல். ஆற்றலில் குறை சொல்ல முடியாது. வெளிச்சத்தின் அளவை லூமனில் சொல்வார்கள். எச்4 பல்பு டிம்மில் 55 வாட் தின்று ஏறக்குறைய 1000 லூமன் தருகிறது. டி2எஸ் என்ற அசல் செனன் பல்பு 35 வாட்டில் 3200 லூமன் தருகிறது. மூன்று மடங்கு. கடைக்காரர் சொல்லும் இந்தக் கணக்கு பொய்யல்ல.

ஆனால் அந்த 3200 லூமன் எங்கே போகிறது? மின்பொறி இழை மாதிரி நேராக, சீராக எரிவதில்லை. மேல்நோக்கி வளைந்திருக்கும், இரு முனைகளிலும் அதிகமாகப் பளபளக்கும். கிட்டில் வரும் பல்பில் அந்தக் கரண்டித் தகடு பேருக்குத்தான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. போதாததற்கு நுனியிலிருந்து திரும்பி வரும் வயர் குமிழிக்கு வெளியே ஓடி நிழல் போடுகிறது. டிம்முக்கும் பிரைட்டுக்கும் வேறு வேறு இழை இல்லாததால், ஒரு காந்தம் பல்பையே முன்னும் பின்னும் இழுத்து மாற்றுகிறது. நம் ஊர் வீதியில் ஓடி ஆறு மாதத்தில் அந்த இழுவை தளர்ந்து, பல்பு நடுவில் எங்கோ நின்றுவிடும். மொத்தத்தில் ரிஃப்ளெக்டருக்குத் தெரியாத ஒரு விளக்கை அதற்குள் ஏற்றி வைக்கிறோம். அது கண்டபடி தெறிக்கிறது. மரத்து உச்சிக்கு ஒரு பங்கு, எதிரே வருபவர் கண்ணுக்கு ஒரு பங்கு, காரின் மூக்குக்கு முன்னால் ஒரு பெரும் பங்கு.

கம்பனிக்காரர்களே இதை ஒத்துக்கொண்டவர்கள்தான். குவிலென்ஸ் வைத்த புரொஜெக்டர் விளக்குக்கு டி2எஸ் செய்தார்கள். ரிஃப்ளெக்டர் விளக்குக்கு அதே பல்பு சரிவராது என்று, கண்ணாடியின் மேலேயே கறுப்புப் பட்டை பூசி டி2ஆர் என்று தனியாக ஒன்றைச் செய்து, அதற்கென்றே ரிஃப்ளெக்டரையும் வடிவமைத்தார்கள். செனனுக்குள்ளேயே ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடக் கூடாது என்றால், எச்4 இடத்தில் செனன் எப்படிச் சரிவரும்?

காரின் மூக்குக்கு முன்னால் விழும் அந்த வெள்ளை வெளிச்சம்தான் பலரை "சூப்பர்" என்று சொல்ல வைக்கிறது. பக்கத்தில் பளிச்சென்று இருந்தால் கண்ணின் பாவை சுருங்கும். சுருங்கினால் தூரத்தில் மங்கலாக நிற்பது தெரியாது. உங்களுக்கு மாடு தெரிய வேண்டியது 80, 100 மீட்டரில், பம்பருக்கு முன்னால் அல்ல. நிறக் கேள்விக்கும் இதோடு பதில் சொல்லிவிடுகிறேன். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறம், அளவல்ல. கம்பனி செனன் 4300 கெல்வினை ஒட்டியே இருக்கும், இலேசான மஞ்சள் கலந்த வெள்ளை. 6000, 8000 என்று போகப்போக நீலம் கூடும், லூமன் குறையும், மழையிலும் நனைந்த தார் வீதியிலும் கண் கூசும். 8000 கெல்வின் கல்யாண வீட்டு வாசலுக்கு அழகாக இருக்கும்.

சட்டப் பக்கத்தையும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய விதிகளில் 2000 லூமனுக்கு மேற்பட்ட டிம் பல்பு என்றால், விளக்கு தானாக உயரம் சரிசெய்யும் பொறியும் கண்ணாடி கழுவும் பொறியும் காரில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஹலஜன் விளக்குக்குள் செனன் கிட் போடுவது அவர்களுடைய விளக்கு விதிக்கு முரண். இங்கே நம் வீதியில் எத்தனையோ ஓடுகிறது, உண்மைதான். ஆனால் 2025 ஆரம்பத்தில் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தோடு பொலிஸார் வாகனங்களில் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொல்லத் தொடங்கியதும், வாங்கிய காசையும் பூட்டிய கூலியையும் பார்த்து முகம் வாடியவர்களை எனக்குத் தெரியும்.

சரி, அப்படியென்றால் என்ன செய்வது? ஒரு மல்டிமீட்டர் எடுங்கள், அல்லது மீட்டர் வைத்திருக்கும் வயரிங் பாஸ் ஒருவரைப் பிடியுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, டிம் லைட்டைப் போட்டுவிட்டு, பற்றரியின் இரண்டு முனைகளில் வோல்ட் பாருங்கள். 14க்குக் கிட்ட இருக்கும். பிறகு பல்பின் பின்பக்கப் பிளக்கில், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் முழு வோல்ட்டும் காட்டி உங்களை ஏமாற்றும்; இந்தப் பிழையைப் பல பாஸ்மாரும் விடுகிறார்கள். எனது பழைய சன்னியில் பற்றரியில் 13.9, பல்பில் 12.1. இது சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஹலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாகக் குறையும். வோல்ட்டில் 10 சதவீதம் விழுந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். எனக்கு ஐந்தில் இரண்டு பங்கு வயரிலேயே போயிருந்தது. இதை அறியாமல்தான் செனனுக்குக் காசு கொட்டினேன்.

வோல்ட் எங்கே விழுகிறது? பழைய கார்கள் பலவற்றில் முழு மின்னோட்டமும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலுள்ள சுவிட்ச் வழியாகவே சுற்றி வருகிறது. இரண்டு பல்புக்கும் டிம்மில் 110 வாட், அதாவது 9 அம்பியருக்கு மேல். கால் நூற்றாண்டாக எரிந்து கறுத்த சுவிட்ச் முனைகள், மெல்லிய வயர், துருப்பிடித்த எர்த். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் நிறுத்திவைக்கும் கார் என்றால் எர்த் போல்ட்டை முதலில் பாருங்கள். உப்புக்காற்று அதைத் தின்றிருக்கும். கழற்றி, உலோகம் தெரியும் வரை உரசி, கிரீஸ் பூசி மறுபடி இறுக்கினால் சில வேளை அதுவே பாதி வைத்தியம்.

மீதிப் பாதிக்கு ரிலே, அதாவது சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், போட வேண்டும். பற்றரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரைப் பற்றரிக்குப் பக்கத்திலேயே ஒரு 20 அம்பியர் பியூஸ் வைத்து இழுத்து, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே. ரிலேயில் 30 என்ற காலுக்குப் பற்றரி, 87க்குப் பல்பு, 85, 86 இரண்டும் பழைய பிளக்குக்கு. இனிப் பழைய சுவிட்ச் ரிலேயைத் தட்டிவிடுவதோடு சரி, பாரத்தைச் சுமப்பதில்லை. ஆயத்தமான எச்4 ரிலே வயரிங் செட்டும் கிடைக்கும், பழைய வயரை வெட்டத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: பழைய டொயோட்டா பலவற்றில் சுவிட்ச் இருப்பது எர்த் பக்கம். பல்பில் டிம்முக்கும் பிரைட்டுக்கும் பொதுவான காலுக்கு எப்போதும் மின்சாரம் வரும், சுவிட்ச் எர்த்தைத்தான் இணைக்கும். அதை அறியாமல் ரிலேயின் ஒரு காலைக் காரின் உடம்பில் எர்த் செய்தால் டிம், பிரைட் எல்லாம் குழம்பும். 85, 86 இரண்டையும் பழைய பிளக்கின் கால்களுக்கு நடுவிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். நல்ல பாஸ் என்றால் சொல்ல முன்பே சோதனை விளக்கை எடுத்துப் பார்ப்பார். எடுக்காவிட்டால் தேநீர் குடித்துவிட்டு வேறு ஆளிடம் போங்கள்.

அடுத்தது விளக்கின் கண்ணாடி. விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள், கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று சத்தம் சொல்லும். பிளாஸ்டிக் என்றால் நம் வெயிலுக்கு மேல்பூச்சு போய் மஞ்சளித்திருக்கும். தண்ணீர் விட்டு 800, 1500, 2000, 3000 என்று படிப்படியாக உரசுதாளில் தேய்த்து, பொலிஷ் போட்டு, மேலே வெயில் தாங்கும் கிளியர் கோட் அடித்தால் பல காலம் நிற்கும். பற்பசை போட்டுத் தேய்த்தால் அன்றைக்கு மினுங்கும், பூச்சு இல்லாததால் சில மாதத்தில் பழைய கதைதான். உள்ளே ரிஃப்ளெக்டர் சாம்பல் நிறமாகக் கறுத்திருந்தால் தேய்த்துப் பலனில்லை. அது மெல்லிய அலுமினியப் படலம், துணி பட்டாலே போய்விடும். விளக்கையே மாற்றுங்கள். ஜப்பானில் வாகனம் ஓடுவதும் நம்மைப் போல இடது பக்கம் என்பதால் அங்கிருந்து கழற்றி வந்த ஜோடி சரியாக இருக்கும். வலது பக்கம் ஓடும் நாட்டு விளக்கைத் தெரியாமல் வாங்கிவிடாதீர்கள்; அதில் ஓரத்துக்குத் தூக்கிக் காட்டும் வெளிச்சம் எதிரே வருபவர் பக்கம் தூக்கும்.

பிறகுதான் பல்பு. நல்ல பெயருள்ள கம்பனி ஒன்றின் 60/55 வாட் எச்4 ஒரு ஜோடி, பிலிப்ஸோ ஒஸ்ராமோ கொய்ட்டோவோ, போலியில்லாமல். வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் இலக்கமும், அதாவது ஐரோப்பிய அங்கீகாரக் குறி, அடித்திருக்கிறதா பாருங்கள். கொஞ்சம் கூடச் செலவழிக்க விரும்பினால் அதே 60/55 வாட்டில் வெளிச்சம் கூடிய வகை உண்டு. இழையை அதிகமாகச் சூடாக்குவதால் சாதாரணப் பல்பு போல் நீடிக்காது. பெட்டியில் "செனன்" என்று பெரிதாக எழுதிய நீலக் கண்ணாடிப் பல்புகளைப் பார்த்து மயங்க வேண்டாம். அவை பலஸ்டும் மின்பொறியும் இல்லாத சாதாரண ஹலஜன். நீலப் பூச்சு இருக்கும் வெளிச்சத்தையும் வடிகட்டிவிடும். 100/90 வாட் பல்பும் வேண்டவே வேண்டாம். பழைய ஹோல்டர் உருகி வழிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எல்.ஈ.டி. எச்4 பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இப்போது கடைகள் செனனை விட அதைத்தான் திணிக்கின்றன. சிக்கல் அதேதான், ஒளி பிறக்கும் இடம் மாறுகிறது. இழை இருக்கும் இடத்திலேயே சிப்பை வைத்துச் செய்த நல்லவையும் உண்டு. ஜெர்மனியில் 2020இலிருந்து குறிப்பிட்ட சில கார்களுக்கு மட்டும் குறிப்பிட்ட எல்.ஈ.டி. பல்பை அனுமதிக்கிறார்கள். ஒவ்வொரு கார் மாடலாகச் சோதித்துத்தான் அனுமதி கொடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

உயரம் சரிசெய்வது செலவில்லாத வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை. ரயர் காற்றைச் சரிபார்த்து, உங்கள் இடத்தில் ஒருவரை உட்காரவைத்து, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, சுவரில் அதைவிட 10 சென்டிமீட்டர் கீழே டேப் ஒட்டுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும், இடது ஓரத்தில் மட்டும் மேலே ஏற வேண்டும். வெள்ளவத்தையில் 10 மீட்டர் வெற்று நிலம் தேடுவதை விட மணப்பெண் தேடுவது சுலபம் என்பது எனக்குத் தெரியும். 5 மீட்டரில் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, அடுக்குமாடிக் கார்த்தரிப்பிடத்திலேயே செய்யலாம். ஊரிலிருந்து திரும்பும்போது டிக்கியில் அரிசியும் கறுத்தக்கொழும்பான் பெட்டியும் ஏற்றினால் காரின் மூக்கு தூக்கும், வெளிச்சமும் தூக்கும். டாஷ்போர்டில் உயரம் மாற்றும் சக்கரம் இருந்தால் அன்றைக்கு அதைக் கீழே திருப்புங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் செனன்தான் வேண்டும் என்று மனம் சொன்னால், கிட்டை மறந்துவிட்டு புரொஜெக்டரோடு போங்கள். டிம், பிரைட் இரண்டையும் ஒரே பல்பில் தரும் பை-செனன் புரொஜெக்டர், இடப்பக்கப் போக்குவரத்துக்கானது, கூடவே அசல் பலஸ்ட், 4300 கெல்வின் டி2எஸ் பல்பு. விளக்கைச் சூடாக்கிப் பசையை இளக்கித் திறந்து, புரொஜெக்டரை உள்ளே நேராகப் பொருத்தி, தண்ணீர் புகாமல் மறுபடி ஒட்ட வேண்டும். ஒரு நாளுக்கு மேல் போகும். பழைய புரொஜெக்டர் வாங்கினால் உள்ளே வெள்ளிப் பூச்சு எரிந்து கறுத்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். பலஸ்டை மழைநீர் வடியும் இடத்தில் பூட்ட விடாதீர்கள், மூட்டும்போது 10 அம்பியருக்கு மேல் இழுப்பதால் இதற்கும் ரிலே வேண்டும், எரியும்போது அந்த வயரைத் தொடவே கூடாது. செலவைக் கேட்டால் பலர் பின்வாங்குவார்கள். ஆனால் 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025இல் திறந்த பிறகும் புதுக் காரின் விலையைப் பார்த்தால், பழைய கொரோலாவுக்கு இந்தச் செலவு சிலருக்கு நியாயமாகவே படும்.

ஃபொக் லைட்டுக்கும் வேண்டாம். அது தாழ்வாக, அகலமாக, பக்கத்தைக் காட்டும் விளக்கு. அதில் செனன் போட்டால் புத்தளம் வீதியில் உங்களுக்கு ஒரு மீட்டர்கூட அதிகமாகத் தெரியாது, எதிரே வருபவருக்கு மட்டும் கண் போகும்.

புதுப் பல்பைப் பூட்டும்போது கண்ணாடியில் விரல் படக் கூடாது. கை எண்ணெய் பட்ட இடம் சூடேறி வெடிக்கும், கடதாசியால் பிடியுங்கள். கழற்றிய பழைய ஜோடி எரிந்துகொண்டிருந்தால் பெட்டியில் சுற்றிக் காரிலேயே வையுங்கள். நடுச்சாமத்தில் புளியங்குளத்தில் பல்புக் கடை திறந்திருக்காது.